யாழ்ப்பாணத்தில் எங்களோடு ஓட வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விடியப்புறம் கோட்டையடியிலும் பண்ணைப் பாலத்திலும் எங்களைக் காண்பவர்கள், சைக்கிளை நிறுத்தி, நாங்களும் வரலாமோ என்று கேட்கிறார்கள். வட்ஸ்அப்பிலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறோம். ஆறுதலாக வாசித்துவிட்டு வாருங்கள்.

நான் ஒருநாளும் ஓடியதில்லை. வரலாமா?

வாங்கோ. குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்படித்தான் வந்தவர்கள்.

எங்கள் ஊரில் ஓட்டம் என்றதும் பலருக்கு நினைவு வருவது பள்ளிக்கூட மரதன். தை, மாசியில் இல்ல மெய்வல்லுநர் போட்டி தொடங்க முன்னர் ஒருநாள் காலையில், எந்தப் பயிற்சியும் இல்லாமல், வெறுங்காலோடு வீதியில் ஓடவிட்டு, முதல் பத்துப் பேருக்கு இல்லப் புள்ளி கொடுப்பார்கள். மற்றவர்கள் விலாக்குத்தோடு நடந்து வந்து சேர்வார்கள். அன்றைக்கே ‘இது எனக்குச் சரிவராது’ என்று முடிவெடுத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஓட்டம் வராமல் போனதற்குக் காரணம் அவர்களின் உடம்பு இல்லை. எடுத்த எடுப்பில் வேகமாகப் போகச் சொன்னதுதான் பிழை.

இங்கே முதல் கிழமை ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி இருபது நிமிடம், அவ்வளவுதான். மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருகிறவரோடு கதைக்க முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லோடு நின்று மூச்சு இழுக்க வேண்டி வந்தால் வேகம் கூடிவிட்டது, குறையுங்கள். மூன்றாம் நான்காம் கிழமையில் ஓட்டத்தின் நேரத்தைக் கூட்டி நடையைக் குறைப்போம். பெரும்பாலானவர்கள் இரண்டு, மூன்று மாதத்தில் 5 கிலோமீற்றரை நிற்காமல் ஓடுகிறார்கள். சிலருக்கு இன்னும் கொஞ்சம் எடுக்கும். அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

எங்கே, எத்தனை மணிக்குக் கூடுகிறீர்கள்?

செவ்வாய், வியாழன் காலை 5:15க்கு, ஞாயிறு 5:00 மணிக்கு, கோட்டை முனியப்பர் கோவிலடியில். சனிக்கிழமை பின்னேரம் 4:45க்குப் புதியவர்களுக்கும் பிள்ளைகளுக்குமான ஓட்டம்.

இவ்வளவு வெள்ளனெ ஏன் என்று கேட்பார்கள். ஆனி மாதத்தில் ஆறு மணிக்கு முன்னரே சூரியன் எழுந்துவிடும், ஏழு மணிக்குத் தார் வீதி சுடத் தொடங்கிவிடும். தை, மாசியில் ஆறரை மணியளவில்தான் விடியும் என்பதால் அந்த மாதங்களில் எல்லா நேரத்தையும் கால் மணித்தியாலம் தள்ளி வைக்கிறோம். மாற்றம் இருந்தால் முதல் நாள் இரவே குழுவில் போடுவோம்.

கட்டணம் உண்டா?

இல்லை. ஞாயிறு நெடுந்தூர ஓட்டத்துக்குத் தண்ணீரும் வாழைப்பழமும் வாங்க, விரும்பியவர்கள் விரும்பியதைப் போடுவார்கள். போடாதவரை ஒருவரும் கேட்பதில்லை.

நான் மிகவும் மெதுவாக ஓடுவேன். கடைசி ஆளாக வந்தால் வெட்கமாக இருக்காதா?

இந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறோம். எங்கள் குழு நடக்கிற விதமே இதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு ஞாயிறும் குழுவின் வேகமான ஓட்டக்காரர்களில் ஒருவர் கடைசி ஆளாக ஓடுவார். இது முறை வைத்துச் செய்கிற பொறுப்பு. அவருடைய முதுகுப் பையில் ஒரு லீற்றர் தண்ணீர், ஜீவனிப் பக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சீனித் தூள்), பிளாஸ்ரர், ஒரு சிறிய டோர்ச், ஓட்டோவுக்கு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்ச் சில்லறை இருக்கும். யார் கடைசியாக வருகிறாரோ அவரோடு கதைத்துக்கொண்டு, அவர் நடந்தால் நடந்து, அவர் நின்றால் நின்று வருவார். முன்னுக்குப் போனவர்கள் பாலத்தடியில் திரும்பிக் கடைசி ஆளைக் கடந்து வந்து, மீண்டும் திரும்பி அவரோடு சேர்ந்துகொள்வார்கள். வேகமானவர்களுக்குத் தூரம் கூடும், மெதுவானவர்களுக்குத் துணை கூடும். கடைசி ஆள் கோவிலடிக்கு வந்து சேராமல் ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை.

தொடக்கத்தில் இதை ஏற்றுக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். ‘எங்கட ரைமிங் கெட்டுப்போகும்’ என்றார்கள். நியாயமான கவலை. அதனால்தான் செவ்வாய்க்கிழமையை வேகப் பயிற்சிக்கென்று ஒதுக்கினோம். அன்றைக்கு யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஞாயிறு மட்டும் எல்லோருக்கும் பொது. அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்தான் இப்போது கடைசி ஆள் பொறுப்பை மற்றவர்களிடமிருந்து கேட்டு வாங்கிச் செய்கிறார்.

வேகம் தெரிய விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு: கிலோமீற்றருக்கு 6 நிமிடம் என்றால் 5 கிலோமீற்றர் அரை மணித்தியாலம். 8 நிமிடம் என்றால் 40 நிமிடம். எங்களோடு 10 நிமிடத்தில் ஒரு கிலோமீற்றர் போகிறவர்களும் உண்டு. அதற்கும் மெதுவாக வருகிறவர்களும் உண்டு.

எந்த வீதிகளில் ஓடுவீர்கள்?

வழமையான பாதை கோட்டையடியிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக மண்டைதீவுச் சந்திப் பக்கம் போய்த் திரும்புவது. இரண்டு பக்கமும் கடல், குறுக்கு வீதிகள் இல்லை, மேடு பள்ளமும் இல்லை. கார்த்திகை முதல் பங்குனி வரை ஆழங்குறைந்த தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நிற்பதைக் காணலாம். படம் எடுக்க நிற்கிறவர்களால் ஞாயிறு ஓட்டம் சுணங்குவது அந்த மாதங்களில் வழக்கம். அதை நாங்கள் தடுப்பதில்லை.

பாலத்தில் கவனிக்க வேண்டியது காற்று. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். போகும்போது முகத்தில் அறையும், வரும்போது முதுகில் தள்ளும். எனவே போகும்போது மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள். கிலோமீற்றருக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் கூட எடுக்கும், அது உங்கள் குறை இல்லை. மார்கழியில் வாடை வீசும்போது இது தலைகீழ். போகும்போது பறந்து போய்விட்டு, களைத்துத் திரும்பும் நேரத்தில் காற்றை எதிர்த்து வரவேண்டும். புதியவர்கள் மாட்டுப்படுவது வாடைக் காலத்தில்தான். அந்த மாதங்களில் பாதித் தூரத்துக்கு முன்னரே திரும்பிவிடுங்கள்.

வியாழக்கிழமைகளில் குருநகர், பாசையூர்ப் பக்கம் கடற்கரை வீதியால் ஓடுகிறோம். அந்த நேரத்தில் வள்ளங்கள் கரைக்கு வந்துகொண்டிருக்கும், மீன் ஏலம் சூடாக நடக்கும். கூடை தூக்கி வருகிறவர்களுக்கு நாங்கள்தான் வழிவிட வேண்டும். அவர்கள் வேலைக்கு நிற்கிறார்கள், நாங்கள் அப்படியில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு நகரத்துக்கு வெளியே போவோம். வல்வெட்டித்துறையிலிருந்து பருத்தித்துறைக்குக் கடலோரமாக ஓடி வெளிச்சவீட்டடியில் முடிப்பது எல்லோருக்கும் பிடித்த பாதை. காரைநகரில் ஓடினால் கசூரினாக் கடலில் இறங்கிக் காலை ஆறவைக்கலாம். அங்கே நெடுந்தூரத்துக்கு இடுப்பளவு தண்ணீர்தான். கேரதீவு–சங்குப்பிட்டிப் பாதையில் நிழலே இல்லை. ஆனால் 2011 இல் திறந்த அந்தப் பாலத்தின் ஏற்றம் எங்கள் பக்கத்தில் கிடைக்கிற அரிய ஏற்றங்களில் ஒன்று.

யாழ்ப்பாணத்தில் மலையே இல்லையே. கண்டி, நுவரெலியா ஓட்டங்களுக்கு எப்படிப் பயிற்சி எடுப்பது?

மணற்காட்டுக்கு வாருங்கள். வடமராட்சி கிழக்கில் சவுக்கந் தோப்பைத் தாண்டினால் மணற்குன்றுகள். கால் புதைகிற மணலில் மேலே ஏறுவது தார் வீதியில் மலை ஏறுவதைவிடக் கடினம். கெண்டைக்காலும் தொடையும் பத்து நிமிடத்தில் சொல்லும். வெறுங்காலோடு ஓடலாம், ஆனால் முள்ளும் சிப்பியும் இருக்கும், பார்த்துக் கால் வையுங்கள். முதல் தடவை இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மணல் குதிக்கால் நரம்பை இழுத்துவிடும். இறங்கும்போது மெதுவாக நடந்து இறங்குங்கள்.

மணற்காட்டுக்குப் போக முடியாத கிழமைகளில் சோளகத்தை எதிர்த்துப் பண்ணைப் பாலத்தில் ஓடுவதுதான் எங்களுக்கு மலை.

பெண்கள் வரலாமா? இருட்டில் தனியாக வருவதற்கு வீட்டில் விடமாட்டார்கள்.

வரலாம், வருகிறார்கள். வீட்டில் விடாததற்கும் காரணம் இருக்கிறது. இருட்டு, தெருநாய், சந்தியில் நின்று பல்லிளிக்கிறவர்கள், ‘பொம்பிளைப் பிள்ளை காற்சட்டையோட ஓடுறாள்’ என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற அயல். இவை எதையும் ‘தைரியமாக வாங்கோ’ என்ற ஒரு சொல்லால் தீர்க்க முடியாது. அதனால் குழுவின் அக்காமார் சேர்ந்து ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள்.

புதிதாக வருகிற பெண்ணை அவருடைய படலையடியில் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். கொக்குவில், திருநெல்வேலி, அரியாலை, மானிப்பாய் என்று பக்கம் பக்கமாகச் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் சேர்ந்து வருகிற சிறு குழுக்கள் இருக்கின்றன. திரும்பும்போதும் அதே போலத்தான். அம்மா அப்பா வந்து பார்க்க விரும்பினால் வரட்டும். கோவிலடியில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்தபடி மகளுக்காகக் காத்திருக்க வந்த ஒரு தாய் இப்போது எங்களோடு நடக்கிறார். சனிக்கிழமை பின்னேர ஓட்டத்தைத் தொடங்கியதும் பெண்கள் கேட்டதால்தான். கிழமை நாட்களில் விடிய எழும்பிப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டுகிறவர்களை 5:15க்கு வரச் சொல்வது அவர்களை வராதே என்று சொல்வதற்குச் சமம்.

உடுப்பில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. சுடிதாரோடு ஓடுகிறவர்களும் உண்டு, முழுக்கை ரீசேட்டும் தலை மூடியும் போட்டு ஓடுகிறவர்களும் உண்டு. துணி தொடையில் உரசிப் புண்ணாகாமல் இருந்தால் போதும். சால்வையை மட்டும் கட்டி முடியுங்கள். மாதவிடாய் நாட்களில் ஓடலாமா என்று தனியாக மெசேஜ் போட்டுக் கேட்கிறார்கள். உடம்பு இடம் கொடுத்தால் ஓடலாம், வயிற்றுவலி கடுமையென்றால் நடக்கலாம், இல்லாவிட்டால் படுத்திருக்கலாம். யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. அதிக இரத்தப்போக்கும் களைப்பும் தொடர்ந்தால் இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களும் வைத்தியர் சொன்ன பிறகு வாருங்கள்.

வீதியில் யாராவது சேட்டை விட்டால் குழுவிடம் சொல்லுங்கள். அதைச் சின்ன விசயமென்று நாங்கள் விடுவதில்லை. அடுத்த நாள் அந்தச் சந்தியால் முழுக் குழுவும் சேர்ந்து ஓடும். இந்த வீதிகளில் பெண்கள் எந்த நேரமும் பயமில்லாமல் ஓட வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சீனி வருத்தமும் பிறஷரும் இருக்கிறது. ஓடலாமா?

முதலில் வைத்தியரிடம் ஒருக்கால் காட்டுங்கள். நெஞ்சுவலி, படியேறும்போது மூச்சுத் திணறல், தலைச்சுற்று இருந்தவர்கள் கட்டாயம் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களும் சீனிக்குக் குளிசை எடுக்கிறவர்களும் வெறும் வயிற்றில் ஓட வேண்டாம். சீனி திடீரென்று இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும். பொக்கற்றில் இரண்டு ரொபி அல்லது ஒரு பனங்கட்டித் துண்டு வைத்திருங்கள். உங்களுக்குச் சீனி இருப்பதைக் கடைசி ஆளிடமும் சொல்லிவையுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டுக்குப் போனதும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கொப்புளம் வந்தது தெரியாமலே புண்ணாகிவிடும்.

மற்றபடி வயது ஒரு தடையில்லை. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023 இல் தமது 72 வயதில் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் விரைவு நடையிலும் தங்கம் வென்றார், 800 மீற்றரில் வெண்கலம் எடுத்தார். அந்தச் செய்தி வந்த பிறகு ‘இனி ஏலாது’ என்று சொல்கிறவர்கள் எங்கள் குழுவில் குறைந்துவிட்டார்கள். மூத்தோர் போட்டிகள் 35 வயதிலிருந்தே தொடங்கி, ஐந்தைந்து வயதாகப் பிரித்து நடக்கின்றன. உங்கள் வயதுக்காரரோடுதான் நீங்கள் ஓடுவீர்கள்.

என்ன சப்பாத்து வாங்குவது? விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

உண்மைதான். இறக்குமதிச் சப்பாத்தின் விலை நிறையப் பேரின் மாதச் செலவையே குழப்பிவிடும். முதல் ஒரு மாதம் கையில் இருக்கிற கன்வஸ் சப்பாத்தோடு நடந்து ஓடுங்கள். தொடர்ந்து வருவீர்கள் என்று தெரிந்த பிறகு வாங்கலாம்.

வாங்கும்போது நிறத்தையும் பெயரையும் விட்டுவிட்டு மூன்றைப் பாருங்கள். பின்னேரத்தில் போய்ப் போட்டுப் பாருங்கள், அந்த நேரம் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். குதி வழுக்கக் கூடாது. பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைப்பதில் நல்லதும் உண்டு, ஆனால் அடிப்பாகத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லுப்போல இறுகியிருந்தால் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் வேண்டாம். சாதாரணமாக ஒரு சோடி 500 முதல் 800 கிலோமீற்றர் வரை தாங்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகிற உறவுகள் பாவித்த நல்ல சப்பாத்துகளைக் கொண்டுவந்து தருகிறார்கள். அவற்றைக் கழுவி அளவு எழுதி வைத்திருக்கிறோம். தேவைப்படுகிறவர் கேட்டு எடுக்கலாம். யாருக்குக் கொடுத்தோம் என்று ஒருவருக்கும் சொல்வதில்லை.

வெயிலுக்கு என்ன செய்வது? எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

முக்கால் மணித்தியாலத்துக்குக் குறைந்த ஓட்டத்துக்கு, வெளிக்கிட முன்னர் ஒரு தம்ளர் தண்ணீர் போதும். அதற்கு மேலே போனால் மணிக்கு அரை லீற்றர் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் உங்கள் கணக்கு உங்களுக்குத் தெரியவரும். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்த்திருக்கிறீர்கள். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். நெடுந்தூரத்துக்குத் தேசிக்காய், உப்பு, சீனி போட்ட தண்ணீர் கொண்டுவாருங்கள். ஓடி முடித்த பிறகு மோர் அல்லது இளநீர் நல்லது. வழியில் கிணற்றுத் தண்ணீரை நம்பி வராதீர்கள், கரையோரக் கிணறுகள் பல உவர்.

வெயிலில் ஒருவர் தடுமாறினால், பேச்சுக் குழறினால், தொடர்பில்லாமல் கதைத்தால் அது களைப்பில்லை, உடம்பின் சூடு எல்லை மீறிவிட்டது. உடனே நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 1990 க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வரும்வரை குளிர வைப்பதை நிறுத்தவே கூடாது. இதைக் குழுவில் எல்லோரும் பழகியிருக்கிறார்கள்.

காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு வருவது?

சீனிக்கு மருந்து எடுக்காதவர்களுக்குக் குறுகிய ஓட்டத்துக்கு ஒன்றும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மணித்தியாலம் முன்னர் இரண்டு கதலி வாழைப்பழம் அல்லது சம்பல் இல்லாமல் இரண்டு துண்டு பாண். முதல் நாள் இரவு புட்டோ இடியப்பமோ நன்றாகச் சாப்பிடுங்கள், உறைப்பைக் குறையுங்கள். ஓடி முடித்த பிறகு வருகிற எள்ளுருண்டையைப் பற்றி நாங்கள் சொல்லத் தேவையில்லை.

நாய் துரத்தினால்?

நில்லுங்கள். ஓடினால் துரத்தும். திரும்பி நின்று, கையைக் கீழே விட்டு, கண்ணுக்குள் பார்க்காமல், மெதுவாகப் பின்னால் நடந்து விலகுங்கள். குனிந்து கல் எடுக்கிற மாதிரிக் காட்டினாலே எங்கள் ஊர் நாய்களில் பல விலகிவிடும். எறியத் தேவையில்லை. குட்டி போட்ட நாய் நிற்கிற ஒழுங்கை எது என்று தெரிந்தவர்கள் குழுவில் போடுங்கள், சில கிழமைக்குப் பாதையை மாற்றுவோம்.

கடித்தாலோ நகம் கீறினாலோ, சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடி வந்த பிறகு மருந்தில்லை, வரமுன்னர் ஊசி இருக்கிறது.

வாகனங்கள்?

எங்கள் நாட்டில் வாகனம் இடப்பக்கம் போகிறது. நீங்கள் வலப்பக்க ஓரமாக, எதிரே வருகிற வாகனத்தைப் பார்த்தபடி ஓடுங்கள். இரண்டு பேருக்கு மேல் பக்கம் பக்கமாக ஓட வேண்டாம். இருட்டில் வெள்ளை அல்லது மஞ்சள் உடுப்பு, முதுகில் ஒளிதெறிக்கும் பட்டி. காதில் பாட்டுக் கேட்பதென்றால் ஒரு காதில் மட்டும். ஒன்றையொன்று முந்துகிற பஸ்கள் வந்தால் வீதியை விட்டு மண்ணில் இறங்கி நில்லுங்கள்.

மாரியில் ஓட்டம் நடக்குமா?

நடக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரைதான் எங்களுக்கு மழை. தூறலில் ஓடுவோம், இடி மின்னல் என்றால் அன்றைக்கு இல்லை. பண்ணைப் பாலத்தில் உங்களைவிட உயரமான பொருள் அதிகம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். வெள்ளம் நிற்கிற ஒழுங்கைகளில் குழியும் மதகும் தெரியாது, அங்கே நடந்துதான் கடக்க வேண்டும். நனைந்த சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளை அடைத்து வைத்தால் அடுத்த நாளுக்குக் காய்ந்துவிடும். வெயிலில் வைத்தால் பசை விடும்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில்?

அந்த 25 நாளும் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளை மறித்து, மண் பரப்பிவிடுவார்கள். சப்பாத்தோடு உள்ளே போவதில்லை. விடியப்புறம் அங்கே உருண்டு பிரதட்டை பண்ணுகிறவர்களும் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிக்கிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவே ஓடுவது முறையில்லை. நல்லூர்ப் பக்கப் பாதைகள் எல்லாவற்றையும் அந்த நாட்களில் விட்டுவிடுகிறோம். தேருக்கும் தீர்த்தத்துக்கும் ஓட்டமே இல்லை. குழுவில் பாதிப் பேர் தண்ணீர்ப் பந்தலில் நிற்பார்கள்.

அந்தக் காலத்தில்தான் ரொறொன்ரோ, லண்டன், பாரிஸிலிருந்து ஓட்டக்காரர்கள் வருகிறார்கள். லண்டனில் 2004 இல் தொடங்கிய பார்க்ரன் போல ஒவ்வொரு கிழமையும் 5 கிலோமீற்றர் நேரம் பிடிப்பீர்களா என்று கேட்கிறார்கள். மாதத்தில் ஒருமுறை மட்டும் பிடிக்கிறோம். உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அங்கே ஓடுகிற வேகத்தில் இங்கே முதல் நாளே ஓடாதீர்கள். உடம்பு இந்த வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும்.

பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

சனிக்கிழமை கூட்டிவாருங்கள். பிள்ளைகளுக்குத் தூர ஓட்டம் வேண்டாம், ஓடிப்பிடித்து விளையாட்டு, அஞ்சல் ஓட்டம், தாண்டல், பாய்தல் இவைதான். துரையப்பா விளையாட்டரங்கில் இடம் கிடைக்கிற நாட்களில் அங்கே, இல்லாவிட்டால் பக்கத்து வெளியில். 1997 இலிருந்து பாவனையில்லாமல் கிடந்த அந்த அரங்கு இந்திய உதவியோடு திருத்தப்பட்டு 2016 யூன் மாதம் திறக்கப்பட்டது. அது மூடிக் கிடந்த ஆண்டுகளில் வளர்ந்தவர்கள் இன்று பெற்றோராக வந்து நிற்கிறார்கள். தங்களுக்குக் கிடைக்காததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டுமென்று அவர்கள் காட்டுகிற அக்கறைதான் சனிக்கிழமையை நடத்துகிறது.

பிள்ளைகளுக்கு நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் உயரம் பாயப் பழகி, 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் பங்குபற்றி, 1958 இல் ரோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தவர். எங்கள் மண்ணிலும் அப்படி ஒருவர் வந்திருக்கிறார் என்பது தெரியாமல் ஒரு பிள்ளையும் வளரக் கூடாது.

க.பொ.த. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை ‘ஓட்டம் வேண்டாம், படி’ என்று நிறுத்துகிறீர்கள். கிழமையில் இரண்டு அரை மணித்தியாலம் படிப்பைக் கெடுக்காது. அந்த நேரத்தை விட்டுக் கொடுங்கள்.

முழங்கால் நோகிறது. ஓட்டம் முழங்காலைத் தேய்த்துவிடும் என்கிறார்களே?

அளவாக ஓடுகிறவர்களின் முழங்கால் ஓட்டத்தால் தேய்வதில்லை. திடீரென்று தூரத்தைக் கூட்டுவதுதான் நோவைக் கொண்டுவரும். ஒரு கிழமைக்கு ஓடுகிற மொத்தத் தூரத்தை அடுத்த கிழமை பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள். ஓடத் தொடங்கியதும் இருந்து, சூடேறியதும் மறைகிற நோ என்றால் தூரத்தைக் குறைத்து ஓடலாம். ஓட ஓடக் கூடுகிற நோ, நொண்ட வைக்கிற நோ, எலும்பில் ஒரு புள்ளியில் குத்துகிற நோ என்றால் நிறுத்துங்கள். காலையில் எழும்பி முதல் அடி வைக்கக் குதிக்கால் குத்தினால், ஐஸ் போத்தலை உள்ளங்காலின் கீழ் வைத்து உருட்டுங்கள், கெண்டைக்காலை இழுத்துவிடுங்கள். நாரிப்பிடிப்பு அடிக்கடி வருகிறவர்களுக்கு வியாழக்கிழமை ஓட்டம் முடிய இடுப்பு, வயிற்றுத் தசைப் பயிற்சி சொல்லித் தருகிறோம். எண்ணெய் போட்டு உருவுவது சுகமாக இருக்கும், ஆனால் வீங்கிய இடத்தை உருவ வேண்டாம்.

முழு மரதன் ஓட ஆசை. எவ்வளவு காலம் எடுக்கும்?

மரதன் என்றால் 42.195 கிலோமீற்றர். நகரத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகிற தூரத்தைவிடக் கூட. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய அந்தத் தூரம் 1921 இல்தான் நிலையான அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. கிலோமீற்றருக்கு 6 நிமிடம் ஓடினால் 4 மணி 13 நிமிடம். அரை மரதன் அதே வேகத்தில் 2 மணி 6 நிமிடம்.

இன்றைக்கு 5 கிலோமீற்றர் ஓடுகிறவர், அரை மரதனுக்கு நான்கைந்து மாதம் எடுங்கள். முழு மரதனுக்கு ஒரு வருடமாவது கொடுங்கள். கிழமையில் ஒருநாள் நீளம், ஒருநாள் வேகம், மற்றவை மெதுவாக, இரண்டு நாள் முழு ஓய்வு. நீளமான ஓட்டம் 30, 32 கிலோமீற்றர் வரை போனால் போதும். போட்டிக்கு இரண்டு மூன்று கிழமை முன்னர் தூரத்தைக் குறைக்க வேண்டும். இதைத்தான் பலர் கேட்பதில்லை. பயந்துபோய்க் கடைசிக் கிழமையில் கூட ஓடிவிட்டு, தொடக்கக் கோட்டிலேயே களைத்து நிற்பார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களை முழு மரதனுக்கு நாங்கள் பயிற்றுவிப்பதில்லை.

இப்போது குழுவில் என்ன நடக்கிறது?

வாடைக் காலத்துக்கான பாதைகளை மாற்றிக்கொண்டிருக்கிறோம். கண் பார்வை இல்லாத இரண்டு பேர் ஓட விரும்பி வந்திருக்கிறார்கள். கையில் ஒரு சிறு கயிற்றைச் சேர்த்துப் பிடித்து அவர்களோடு ஓட வழித்துணை வேண்டும். செவ்வாய்க்கிழமை ஓட்டக்காரர்களிடம்தான் இதை முதலில் கேட்கிறோம், ஏனென்றால் அந்த இருவரில் ஒருவர் நல்ல வேகம். பள்ளி மெய்வல்லுநர் போட்டிக் காலம் தொடங்க முன்னர், பிள்ளைகளை எப்படிப் படிப்படியாகத் தயார்ப்படுத்துவது என்று ஆசிரியர்களோடு கதைக்கவும் ஒழுங்கு செய்கிறோம். உங்கள் பள்ளிக்கூடத்திலும் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல், முகம் துடைக்கத் துவாய், மாற்ற ஒரு ரீசேட். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய ஒருவரின் இலக்கத்தை எழுதி வைத்திருங்கள். சைக்கிளைக் கோவில் மதிலோடு விட்டுப் பூட்டலாம், சாவியையும் போனையும் வாங்கி வைக்க ஓடாத ஒருவர் எப்போதும் நிற்பார். ஐந்து நிமிடம் முன்னதாக வந்து, புதிது என்று சொல்லுங்கள். அன்றைக்குக் கடைசி ஆள் யாரோ அவர் உங்களோடு வருவார்.